தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேலே அடிக்கும் காற்றை வளவிலிருந்து அளந்த கதை

பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்ன தம்பி, இந்தியா ரி.வி எடுக்கப் போறியளோ?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் தூரதர்ஷன் பார்க்க வீட்டுக்கு வீடு உயரமான கம்பம் நட்டு அன்ரெனா கட்டியவர்களில் அவரும் ஒருவர். நான் கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு பனஞ்சிலாகையை நிமிர்த்தி, அவற்றின் உச்சியில் அலுமினியக் குழாயைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தேன்.

“இல்லை ஐயா, காத்து அளக்கிறதுக்கு.”

“காத்தெண்டால் காத்தாடி எல்லோ பூட்டோணும்? உது குழாய்.”

“இது இங்கத்தைக் காத்து இல்லை ஐயா. தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேலை.”

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, “கம்பத்தை இன்னும் ஒரு சாண் ஆழமாய்த் தாழும். சோளகம் எழும்பினால் ஆட்டும்” என்றார். அந்த ஆலோசனையால்தான் கம்பங்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

தெற்கிலிருந்து வரும் சோளகம், வடக்கிலிருந்து வரும் வாடை, கொண்டல், கச்சான் என்று கீழே அடிக்கும் காற்றுக்கு எங்களிடம் பெயர் உண்டு. 90 கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்குப் பெயரும் இல்லை, அங்கே எளிதாக ஒரு கருவியைக் கொண்டுபோகவும் முடியாது. வானிலை பலூன் 35, 40 கிலோமீற்றரோடு வெடித்துவிடும். செய்மதி அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ரொக்கெட் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போகும், அதுவும் சில நிமிடந்தான். 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து முதலாவது ரொக்கெட் போனபோது அது கொண்டுபோனது சோடியம் ஆவி. மாலை வெளிச்சத்தில் ஒளிர்ந்த அந்த முகில் எப்படி இழுபடுகிறது என்று பார்த்து மேலே அடிக்கும் காற்றை அறிவதுதான் திட்டம்.

எரிகற்கள் அதே வேலையைத் தினமும் இலவசமாகச் செய்கின்றன. மணல் பருமனில் உள்ள ஒரு துகள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே வந்து, 70 முதல் 110 கிலோமீற்றர் உயரத்துக்குள் எரிந்துபோகும். போகிற வழியில் அயனாக்கம் அடைந்த ஒரு மெல்லிய தடத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தத் தடம் ரேடியோ அலையைத் தெறிக்கச் செய்யும். அங்குள்ள வளி தடத்தைத் தள்ளிக்கொண்டு போவதால், தெறித்து வரும் அலையின் மீடிறன் (தமிழ்நாட்டு நண்பர்கள் அதிர்வெண் என்பார்கள்) கொஞ்சம் மாறும். அந்த மாற்றம்தான் காற்று. 1950இல் ஸ்டான்ஃபோர்டில் மானிங், வில்லார்ட், பீற்றர்சன் மூவரும் இதைச் செய்துகாட்டினார்கள். பிறகு இங்கிலாந்தில் ஜோட்ரெல் பாங்கிலும் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலும் இதே வழியைப் பின்பற்றி அளந்தார்கள்.

ரேடார் என்றால் அனுப்பவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. ஆகவே வேறு யாரோ அனுப்புவதைக் கேட்பதே எனக்கிருந்த வழி. முதலில் எஃப்எம் நிலையங்களை வைத்துப் பார்த்தேன். எரிகல் விழும்போது தூரத்து நிலையம் ஒன்று அரைச் சொல் பேசிவிட்டு மறையும், கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு சிக்கல்கள். பாக்கு நீரிணைக்கு மேலே சூடான வளியும் ஈரமான வளியும் அடுக்கடுக்காகக் கிடக்கும் இரவுகளில் தமிழ்நாட்டு நிலையங்கள் எரிகல்லே இல்லாமல் தெளிவாக வந்துவிடும். இரண்டாவது, எஃப்எம் அலை பேச்சோடு பேச்சாக 75 கிலோஹேர்ட்ஸ் இரு பக்கமும் ஆடும். அதற்குள் 5 ஹேர்ட்ஸ் மாற்றத்தை எங்கே தேடுவது? எண்ணிக்கைக்கு எஃப்எம் போதும். காற்றுக்கு அது உதவாது.

சரி, இப்படி ஆடாத மீடிறனில் யார் அலை அனுப்புகிறார்கள்? தும்பாவிலேயே 2004 முதல் எரிகல் ரேடார் ஒன்று இருக்கிறது: 35.25 மெகாஹேர்ட்ஸ், உச்ச வலு 40 கிலோவாற். இங்கிருந்து ஏறத்தாழ 370 கிலோமீற்றர், மேற்கிலிருந்து தெற்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த திசை. (தமிழ்நாட்டுத் திருநெல்வேலியிலும் 1.98 மெகாஹேர்ட்ஸில் ஒரு காற்று ரேடாரைத் தொண்ணூறுகளில் நிறுவினார்கள். நான் “திருநெல்வேலி ரேடார்” என்று சொல்லும்போதெல்லாம் இங்கே எல்லாரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியை நினைத்து, “உதெப்ப வந்தது?” என்று கேட்கிறார்கள்.)

35.25 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் 8.5 மீற்றர். அரையலை இருமுனை அன்ரெனா 4.05 மீற்றர் வரும். திரைச்சீலைக் கடையில் வாங்கிய அலுமினியக் குழாயை இரண்டு பாதியாக வெட்டி, நடுவில் பிவிசி துண்டு வைத்துப் பூட்டினேன். நனோவிஎன்ஏயில் (அன்ரெனா எந்த மீடிறனுக்கு ஒத்திசைகிறது என்று காட்டும் கையடக்கக் கருவி) பார்த்தபோது ஒத்திசைவு 34 மெகாஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. நுனிகளைச் சிறிது சிறிதாக அரிந்து 35.25க்குக் கொண்டுவந்தேன். உயரத்தைக் கண்டபடி வைக்கக்கூடாது. எங்களுக்கும் தும்பாவுக்கும் நடுவில் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள புள்ளி, இங்கிருந்து ஏறத்தாழ 25 பாகை ஏற்றத்தில் தெரியும். நிலத்தில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரே வரும் அலையும் அந்த ஏற்றத்தில் ஒன்றுசேர வேண்டுமானால் அன்ரெனா 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது பதினாறரை அடி. பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது கிடந்த சிலாகைகள் அளவாக அமைந்தன.

குழாய் பார்க்கும் திசையும் முக்கியம். திருப்பதியிலும் இதே மீடிறனில் இன்னொரு எரிகல் ரேடார் இருக்கிறது, அது எங்களுக்கு ஏறக்குறைய வடக்கு. இருமுனை அன்ரெனா தன் நுனிப் பக்கமிருந்து வருவதைக் கேட்காது. ஆகவே குழாயைத் தும்பாப் பக்கத்துக்குக் குறுக்காகக் கட்டினால் நுனி ஏறக்குறைய வடக்கைப் பார்க்கும், திருப்பதி தானாகவே அடங்கிவிடும். ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் இதற்காகவே செலவழித்தேன்.

ரிசீவர் சாதாரண ஆர்டிஎல் டொங்கிள்தான், கணினியில் செருகும் மலிவான ரேடியோ. முன்னால் எஃப்எம் நிலையங்களைத் தடுக்க ஒரு வடிகட்டி. இந்த மீடிறனில் வானத்து இரைச்சலே அதிகம் என்பதால் விலை கூடிய பெருக்கி தேவையில்லை. மற்ற இரைச்சலைத்தான் தேட வேண்டியிருந்தது. பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அறையில் இருந்த கைபேசிச் சார்ஜரும் முன்வாசல் எல்இடி பல்பும்தான் காரணம். சார்ஜரை மாற்றி, பல்பின் வயரில் பெரைற் வளையம் போட்டதும் பாதிக்குமேல் அடங்கியது.

ஆவணி மாத விடியற்காலை ஒன்றில் முதலாவது எதிரொலி வந்தது. விட்டு விட்டுத் துடிப்புகளாக அனுப்பும் ரேடார் என்பதால் அது ஒரு கோடாக வராது. சீப்பின் பற்கள்போல, இரண்டாயிரம் ஹேர்ட்ஸுக்குச் சற்று மேற்பட்ட சம இடைவெளியில் பல கோடுகள் ஒரே கணத்தில் மின்னி மறையும். திரையில் அந்தச் சீப்பைக் கண்டதும் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். மாலை ஆறு மணிக்குத் தூங்கி வழியும் திரை, விடிய ஐந்து ஆறு மணிக்குப் பலமடங்கு சுறுசுறுப்பாகிவிடும். பூமி சூரியனைச் சுற்றி ஓடும் திசையை அப்போது எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் மழை கூடுதலாக அடிப்பது போல.

திரையில் மின்னுவதெல்லாம் எரிகல் இல்லை. மெதுவாகச் சரிந்து நகரும் கோடு விமானம். பகலில் பரவலாகப் பஞ்சுபோல் பூசினது மாதிரித் தெரிவது எரிகல்லுமல்ல, விமானமுமல்ல. நாங்கள் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) பக்கத்தில் இருக்கிறோம். அங்கே 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே பகல் முழுவதும் மின்னோட்டம் ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் கொந்தளிப்பில் பட்டு வரும் தெறிப்பு அது. தும்பாவை ரொக்கெட் தளமாகத் தெரிவு செய்ததற்கே இந்தக் காந்த நடுக்கோடுதான் காரணம். எனக்கு அது இடைஞ்சல். பகல் பத்து மணிக்குப் பிறகான பதிவுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டேன்.

ஒரு எதிரொலியை அருகில் வைத்துப் பார்ப்போம். விடிய 4 மணி 52 நிமிடம். சீப்பின் ஒரு பல்லை மட்டும் வெட்டியெடுத்து பைத்தானில் விரித்தேன். வீச்சு ஒரு கணத்துக்குள் கிடுகிடுவென ஏறுகிறது. உச்சியில் இரண்டு மூன்று சின்ன அலைகள், துகள் இன்னும் ஓடிக்கொண்டே தடத்தை நீட்டுவதால் வருபவை. பிறகு சீராகத் தேய்ந்து 0.3 வினாடியில் இரைச்சலுக்குள் போய்விடுகிறது. தடம் வளியில் பரவிக் கரைவதுதான் அந்தத் தேய்வு. நேரே மேலே அனுப்பிக் கேட்கும் ரேடாருக்கு இது இன்னும் வேகமாகத் தேயும். இரண்டு இடத்துக்கு நடுவில் சாய்வாகத் தெறிக்கும்போது, நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக நீடிக்கும். தூரத்திலிருந்து கேட்பவனுக்குக் கிடைக்கும் சலுகை அது.

தொடக்கத்து அலைகளை வெட்டிவிட்டு, மிச்சத்தின் அவத்தையை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. 0.3 வினாடியில் நாலு சுற்றும் கொஞ்சமும், அதாவது 14 ஹேர்ட்ஸ். அலையை மீடிறன்களாகப் பிரிக்கும் ஃபூரியர் முறையில் இவ்வளவு குறுகிய எதிரொலிக்கு 3 ஹேர்ட்ஸுக்குக் கீழே பிரிக்க முடியாது. அவத்தைக்குக் கோடு பொருத்தினால் ஒரு ஹேர்ட்ஸுக்குள் வந்துவிடலாம்.

மகிழ்ச்சியில் ஒரு கிழமை முழுவதும் ஹேர்ட்ஸ் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகுதான் வழியைப் பற்றி ஒழுங்காக யோசித்தேன். தும்பாவுக்கும் எங்களுக்கும் சரி நடுவில், தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட வானத்தில் ஒரு தடம் நிற்கிறது என்று வையுங்கள். காற்று அதை யாழ்ப்பாணத்தை நோக்கி ஒரு மீற்றர் தள்ளினால், இங்கே தூரம் குறையும், தும்பாவிலிருந்து தூரம் அதே அளவு கூடும். மொத்த வழி மாறவே மாறாது. வடக்கே தள்ளினாலும் முதலில் மாறாது. எங்களுக்கு மிகப் பலமாகக் கேட்கும் அந்த நடுப்புள்ளி, கிடையாக அடிக்கும் காற்றுக்குக் குருடு. நடுவை விட்டு வடக்கே அல்லது தெற்கே விலகி நிற்கும் தடங்களில்தான் காற்றின் அடையாளம் இருக்கிறது. ஆக எதிரொலி எவ்வளவு பலம் என்பதைவிட, எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. திசை தெரியாத 14 ஹேர்ட்ஸ் வெறும் 14 ஹேர்ட்ஸ்தான்.

முழுமையான எரிகல் ரேடார்கள் இதற்கு ஐந்து அன்ரெனாக்களைச் சிலுவைபோல் வைக்கின்றன. 1998இல் ஜோன்ஸ், வெப்ஸ்ரர், ஹொக்கிங் எழுதிய முறைப்படி, நடுவிலிருந்து ஒரு பக்கம் இரண்டு அலைநீளம், மறுபக்கம் இரண்டரை. எங்கள் வளவில் இதற்கு இடமில்லை, மதிலைத் தாண்டிவிடும். நான் இரண்டு அன்ரெனா வைத்தேன். ஒரே வரிசையில், நடுவுக்கு நடு அரை அலைநீளம், 4.25 மீற்றர். குழாய்களின் நுனிகளுக்கிடையில் ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சியது. தும்பா வழிக்குக் குறுக்கே, வடக்குத் தெற்காக இந்த வரிசை கிடக்கிறது. வடக்குப் பக்கத் தடத்தின் அலை வடக்கு அன்ரெனாவை முந்தி அடையும், தெற்குப் பக்கத் தடத்தின் அலை தெற்கை முந்தும். அந்த அவத்தை வேறுபாட்டை அளந்தால் பக்கமும் தெரியும், எவ்வளவு விலகல் என்பதும் தெரியும்.

இரண்டு டொங்கிளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஒன்றின் 28.8 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைக் கழற்றிவிட்டு, மற்றதின் பளிங்கிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன். இது நுணுக்கமான ஈயப்பற்று வேலை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அதோடும் முடியவில்லை. ஒவ்வொரு முறை மீடிறனைத் தெரிவு செய்யும்போதும் இரண்டுக்கும் இடையிலான அவத்தை எங்காவது போய் நிற்கும். ஆகவே செனர் டயோட்டில் இரைச்சல் எழுப்பும் ஒரு சிறு சுற்றைச் செய்து, ரிலே வழியாக இரண்டுக்கும் ஒரே இரைச்சலைக் கொடுத்து, அப்போது தெரியும் வேறுபாட்டைப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிறேன். தொடங்கும்போது ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை.

இப்போது கணக்கு. தும்பாவுக்கும் எங்களுக்கும் சரி நடுவே வடக்குத் தெற்காகப் போகும் கோட்டில் விலகி நிற்கும் ஒரு தடத்துக்கு மீடிறன் மாற்றம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, அதே விகிதத்தில்தான் இரண்டு அன்ரெனாக்களின் அவத்தை வேறுபாடும் கூடுகிறது. இரண்டிலும் வருவது ஒரே பின்னம்: விலகலைத் தூரத்தால் வகுத்தது. ஆகவே உயரமும் வேண்டாம், தூரமும் வேண்டாம். தாளில் குறுக்கே அவத்தை வேறுபாடு, நெடுக்கே மீடிறன் மாற்றம், ஒவ்வொரு எரிகல்லுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் ஒரு கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சரிவு 180 பாகைக்கு எத்தனை ஹேர்ட்ஸோ, அதை 8.5ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் வடக்குத் தெற்குக் காற்றின் வேகம் வினாடிக்கு மீற்றரில். பூச்சியப் பாகையில் கோடு வெட்டும் இடம் என் கடிகாரத்தின் பிழை. மலிவான டொங்கிளுக்குச் சரியான மீடிறன் எங்கிருந்து வரும் என்று இரண்டு மாதம் கவலைப்பட்டேன். கோடே அதைத் தனியாகப் பிரித்துக் கையில் தந்துவிட்டது.

அந்த நடுவே போகும் கோட்டை விட்டுக் கிழக்கு மேற்காகத் தள்ளி நிற்கும் தடங்கள் கோட்டைச் சுற்றிச் சிதறும். இரு பக்கமும் சமமாக இருப்பதால் பெரும்பாலும் ஈடாகிவிடும். கிழக்கு மேற்குக் காற்றை இந்த அமைப்பால் அளக்க முடியாது.

ஐப்பசியில் பெருமழை. இடி கேட்டால் இரண்டு வயரையும் கழற்றி வெளியே போட்டுவிடுவேன், அதில் சோம்பல் கூடாது. மழை விட்டுத் திரும்பப் பூட்டியபின் புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிப்போயின, தென்வானத்தில் மட்டுமே எரிகல் விழுவதுபோல. டொங்கிள், ரிலே, நிரல் என்று பத்து நாள் தேடினேன். இரைச்சல் சுற்று எல்லாம் சரி என்றது. அது சரியென்று சொல்வது ரிலேக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் என்பது பத்தாம் நாள்தான் உறைத்தது. ஏறிப் பார்த்தால் வடக்குக் குழாயின் இணைப்பானுக்குள் தண்ணீர் இறங்கி, நடு ஊசி பச்சை பிடித்திருந்தது. இணைப்பானை வெட்டிப் புதிது போட்டு, சுயமாக ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கும் ஏனமாகிவிடும்.

அதே கையோடு இன்னொரு சோதனையும் செய்தேன். நனோவிஎன்ஏயை 35.25இல் நிறுத்தி, ஒரு முழ வயரை மாட்டி, தம்பியிடம் கொடுத்து வடக்கு வேலியோரம் நடக்கச் சொன்னேன். திரையில் குறி தெற்குப் பக்கம் காட்டியது. அத்தனை நாளும் இரண்டு வயரும் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. திருத்தியிருக்காவிட்டால் ஒவ்வொரு காற்றையும் எதிர்த்திசையில் எழுதியிருப்பேன். யாராவது இதைச் செய்தால், முதல் நாளே யாரையாவது வேலியோரம் நடக்கவிடுங்கள்.

மார்கழியில் ஜெமினிட் என்ற எரிகல் பொழிவு வந்தது. காற்றுக்கு அது நல்ல விருந்து என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பொழிவின் எரிகற்கள் எல்லாம் ஒரே திசையிலிருந்து வருவதால், கண்ணாடிபோல் தெறிக்கும் தடங்கள் ஒரு நேரத்தில் வானத்தின் ஒரு வரியில்தான் அமையும். புள்ளிகள் தாளின் ஒரு மூலையில் குவியும், கோட்டின் சரிவைப் பிடிக்க முடியாது. எந்தப் பொழிவிலும் சேராமல் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அன்றாட எரிகற்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை.

தை முதல் கிழமையில், விடிய நாலு மணி முதல் ஏழு மணி வரை ஐந்து நாள் பதிவைச் சேர்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் கடிகாரப் பிழை தனித்தனி, சரிவு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. புள்ளிகளுக்கிடையே கோடு கண்ணுக்கே தெரிந்தது. 180 பாகைக்கு 6 ஹேர்ட்ஸ். வடக்குப் புள்ளிகள் மேலே, தெற்குப் புள்ளிகள் கீழே. வடக்கேயுள்ள தடங்கள் எங்களை நெருங்குகின்றன, தெற்கேயுள்ளவை விலகுகின்றன: வடக்கிலிருந்து தெற்காக, வினாடிக்கு ஏறத்தாழ 25 மீற்றர், மணிக்கு 90 கிலோமீற்றர். அந்த நேரம் முற்றத்தில் வாழையிலை அசையவில்லை. 4 மணி 52 நிமிடத்து எதிரொலியின் 14 ஹேர்ட்ஸிலும் பெரும்பகுதி என் கடிகாரத்தின் பிழையாகத்தான் இருந்திருக்கும்.

மாலைப் பதிவில் எரிகல் குறைவு, பன்னிரண்டு நாளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் கோடு மறுபக்கம் சாய்ந்தது, சரிவும் குறைவு. அங்கே காற்று பருவத்துக்கு ஒருமுறை திரும்புவதில்லை. கீழே நீராவியும் ஓசோனும் வெயிலில் சூடாகி எழுப்பும் அலை மேலே போகப்போகப் பெரிதாகி, ஒரே நாளுக்குள் காற்றைச் சுற்றித் திருப்பிவிடுகிறது. கடலின் வற்றுப்பெருக்குப் போன்ற ஒன்று, சந்திரனுக்குப் பதில் சூரியன். ஐயாவிடம் தாளைக் காட்டினேன். “அப்ப மேலை காலமை வாடை, பின்னேரம் சோளகம்” என்றார். இரண்டு கோட்டுக்கும் பக்கத்தில் அந்தப் பெயர்களையே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சிலாகை சீவி வைத்தாயிற்று. கிழக்கே 4.25 மீற்றரில் மாட்டுக்கொட்டில் இருக்கிறது, அதன் கூரைக்கு மேலால் கம்பம் எழும்ப வேண்டும். தை பிந்தி மழை முழுதாக விட்டதும் குழி தோண்டுவோம்.